ஆண்ட்ரூஸ் சாலையில் வடக்கே

ஒடெஸா, டெக்சாஸ்
அக்டோபர் 9, 1994

அன்புள்ள டெல்பர்ட் மாமாவுக்கு,

இது நானாக எழுதும் கடிதமில்லை, தண்டனை. நீங்கள் எங்கள் முற்றத்தில் விட்டுப்போன பிக்கப் வண்டியை லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டேன். வண்டிக்குச் சொந்தக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதச் சொல்லிவிட்டார்கள். சொன்னவர்களும் என் வயசுப் பிள்ளைகள்தான். முதல் தப்பு என்பதால் பிள்ளைகள் கோர்ட்; வக்கீல், ஜூரி எல்லாம் பிள்ளைகளே. எனக்கு எதிராக வாதாடியவனுக்குப் பதினாறு வயசு. அவன் கட்டியிருந்த அவன் அப்பாவின் டை முட்டிவரை தொங்கியது. "எங்க கிளம்பின?" என்றான். "சும்மா" என்றேன்.

பூங்காவில் குப்பை பொறுக்க வேண்டும். பிறகு அடுத்த வழக்கில் நானே ஜூரியாக உட்கார வேண்டும். இங்கே தண்டனை வாங்கிய எல்லோருக்கும் அதுதான் விதி.

மன்னியுங்கள்.
மார்லா

வில்லிஸ்டன், வட டகோட்டா
அக்டோபர் 20

மேன்மை தங்கிய குற்றவாளி மருமகளுக்கு,

மன்னித்தோம். அந்தப் பிக்கப் என்னிடம் இருந்தபோதே மூன்று முறை தானாக ஓடிப்போகப் பார்த்தது. நீ துணைக்குத்தான் போயிருக்கிறாய். குற்றவாளியையே ஜூரியாக்குகிற கோர்ட்டா! ஜூரிக்கு வேண்டிய பன்னிரண்டு பேரையும் நம் குடும்பத்திலேயே பிடித்துவிடலாமே.

இங்கே குளிர். நேற்று எண்ணெய்க் கிணற்று மேடையிலிருந்து இறங்கினால் என் நிழல் தரையோடு உறைந்து கிடக்கிறது. மண்வெட்டியால் பெயர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். நான் நகர்ந்தால் அமெரிக்காவுக்கே எண்ணெய் நின்றுவிடுமென்று மேஸ்திரி காலைப் பிடிக்கிறார். ஆகவே இந்த வருஷமும் குடும்பமெல்லாம் கூடும் நன்றித் திருநாளுக்கு வர இயலாது. உன் அம்மா வெர்னா சுடும் சோள ரொட்டியை முந்தாநாள் கனவில் ஒரு லாரி நிறையத் தின்றேன். விழித்தால் தலையணையில் பாதியைக் காணோம்.

அது சரி, எங்கேதான் கிளம்பினாய்?

டெல்பர்ட் மாமா

ஒடெஸா
நவம்பர் 6

மாமா,

ஜூரியாக உட்கார்ந்தேன். ராய்ஸ் என்று ஒரு பையன். பிரிந்துபோன அப்பாவின் வீட்டு ஜன்னலைக் கல்லால் உடைத்திருக்கிறான். ஏன் என்றால் "சும்மா" என்றான். ஜூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "திமிரைப் பாரு, நல்லாப் போடணும் இவனுக்கு" என்றாள். எனக்கு அந்தச் "சும்மா" தெரியும். "உங்கப்பா வெளிய வந்து பாப்பாருன்னுதானே எறிஞ்ச?" என்று கேட்டேன். அழுதுவிட்டான்.

நானும் பொய்தான் சொன்னேன் மாமா. ஆண்ட்ரூஸ் சாலை வடக்கே போகிறது. உங்களிடம்தான் கிளம்பினேன். பதினைந்து மைல் வந்துவிட்டேன்.

தாத்தா அடக்கத்துக்கு நீங்கள் வராததிலிருந்து அம்மா உங்கள் பேச்சை எடுப்பதில்லை. நேற்று நானே கேட்டேன். "கதவைச் சாத்தினது நானா? அந்தப் புளுகன் வந்து தட்டினாத்தானே!" என்றாள். சொல்லிவிட்டு, கழுவின தட்டையே மறுபடி கழுவினாள்.

மார்லா

வில்லிஸ்டன்
நவம்பர் 15

மார்லா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் பிரித்து வாய்விட்டுப் படித்துவிட்டேன். உடனே கோர்ட் கூடிவிட்டது. நீதிபதி, சமையற்காரன் ஓலாஃப், கரண்டிதான் சுத்தியல். ஜூரி, வீட்டை விட்டு வந்த ஒன்பது பேர். எல்லோரும் பழைய குற்றவாளிகள், ஆகவே முழுத் தகுதியுள்ளவர்கள்.

"அப்பா அடக்கத்துக்கு ஏன்டா போகல?"

முப்பதடிப் பனி சாலையை மூடியிருந்தது என்றேன்.

"அது ஜூன் மாசம்டா!" என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

மேஸ்திரி சாட்சி சொன்னார்: "போகட்டும்யா, எண்ணெய் இன்னும் நல்லாவே வரும்."

தீர்ப்பு: அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ். ஓலாஃப் என் பெட்டியைக்கூடக் கட்டிவிட்டான். வியாழன், நன்றித் திருநாள் காலை, ஒடெஸாவில் இறங்குவேன். கதவைத் தட்டுவேன். வெர்னா திறந்தால் என்ன சொல்வதென்று ஒன்பது பேரில் ஒருவனுக்கும் தெரியவில்லை.

கதவு திறக்கும்போது நீ எனக்கு முன்னால் நின்றுகொள்.

டெல்பர்ட்