தரம் குறையாத காப்பி

14 ஜூன் 2005, செவ்வாய்

மதியம் என் சிடி கடைக்கு முருகேசன் வந்தான். தென்காசிக்காரன், ஒரகடத்தில் கம்பெனி வேலை. தங்கச்சியின் கல்யாண டிவிடியையும் அதன் பழைய காப்பியையும் நீட்டினான்.

"இந்தக் காப்பி தெளிவா இல்ல அண்ணாச்சி. தரம் குறையாம வேற போட்டுத் தாங்க."

கல்யாணமான நாலாம் மாதமே அவள் புகுந்த வீட்டில் இறந்துவிட்டாளாம்.

மூல டிவிடியிலிருந்து, சுருக்காமல் அப்படியே காப்பி எடுத்தேன். சரிபார்க்க ஹெட்போன் மாட்டினேன். தாலி கட்டும் முன், மேளச் சத்தத்துக்கு அடியில் அவள் குரல்: "பயமா இருக்குண்ணே." பழைய காப்பியில் அந்த இடத்தில் வெறும் இரைச்சல்தான்.

அவனும் ஹெட்போன் மாட்டிக் கேட்டான். கழற்றி மேசையில் வைத்தான்.

"அம்மாவுக்கு அந்தக் குரல் இல்லாம ஒண்ணு வேணும்."

அந்த இடத்தில் ஒலியை நிறுத்திக் கொடுத்தேன். படம் பளிச்சென்று இருக்கிறது. அவள் உதடு அசைவது நன்றாகத் தெரிகிறது. அதை அவனிடம் சொல்லவில்லை.