செல்வி 3

ஐப்பசி 12, புதன்.

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் மூன்று செல்விகள். வருகைப் பதிவில் செல்வி 1, 2, 3 என்றுதான் எழுதுவோம். இன்று காலை காட்டெருமை மூன்றாவது செல்வியின் வயிற்றைக் கிழித்துவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் எங்கள் செயலியில் அடிபட்டவர் பெயரைப் பதியாமல் எஸ்டேட் ஆம்புலன்ஸ் வண்டி கிளம்பாது. மேஸ்திரி "செல்வி 3" என்று அடித்தார். "எழுத்து மட்டும் போடவும்" என்று வந்தது. நான்கு முறை அப்படியே அடித்தார். நம்பரை விட்டுவிட அவருக்குத் தோன்றவில்லை. வண்டி கிளம்புவதற்குள் செல்வியின் உயிர் போய்விட்டது.

சாயங்காலம் அவள் புருஷன் செடி வெட்டும் கவாத்துக் கத்தியோடு ஆபீசுக்குள் பாய்ந்து கம்ப்யூட்டரை வெட்டினான். தடுத்த மேஸ்திரியின் கையிலும் வெட்டு.

"பேருல நம்பர் கூடாதுன்னு எவன்டா வெச்சது?"

வைத்தவன், ஆபீசில் செயலியைப் பார்த்துக்கொள்ளும் நான்தான்.

"செயலி போட்டுக் குடுத்த கோயமுத்தூர் கம்பெனிக்காரங்க செஞ்சதுங்க" என்றேன்.

கத்தியைப் போட்டுவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதான்.