பஸ் முடிகிற இடம்

பாசமுள்ள மாப்பிள்ளை முத்துராசு,

நீயா இப்படிச் செய்தாய்? எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. நீ போன அன்றுகூட நான் இப்படி இடிந்து உட்காரவில்லை. அன்றைக்கு ஓடியாட வேலை இருந்தது.

நாசிக் பக்கத்துப் பாட்டீல், எலி கடித்ததென்று தன் அறுவடை இயந்திரத்தின் ஒயர்க்கட்டைத் தாராவியில் நம் பட்டறைக்கு அனுப்பினாரே, நீ கடைசியாக முடித்துக் கொடுத்த வேலை. அந்த வண்டி வயலில் நின்றுவிட்டது. திரை அணைகிறதாம், கத்தி நிற்கிறதாம், சற்று நேரத்தில் தானே ஓடுகிறதாம். கோதுமை முற்றி நிற்கிறது, வானம் மூடிக்கொண்டு வருகிறது.

நீ போன பிறகு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், கேள். பழைய டிராக்டரில் விளக்குக்கு ஒரு ஒயர், ஹாரனுக்கு ஒரு ஒயர். அதில் நீ ராஜா. இந்தப் புது வண்டிகளில் இஞ்சின், கத்தி, திரை எல்லாம் முறுக்கிய ஒரே ஜோடி ஒயரில்தான் பேசிக்கொள்கின்றன. அதற்குப் பெயர் பஸ். அதன் இரண்டு கோடியிலும் ஒயரே வெளிவராத மூடி ஒன்று இருக்கும், உள்ளே ரெசிஸ்டர். அது இல்லாவிட்டால் போன பேச்சு திரும்பி வந்து வருகிற பேச்சைக் குழப்பிவிடும்.

போனில் பாட்டீலிடம், பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த ஜோடியில் மீட்டர் வைக்கச் சொன்னேன். இரண்டு மூடியும் இருந்தால் அறுபது ஓம் காட்ட வேண்டும். நூற்றிருபது காட்டியது. ஒரு கோடியில் மூடி இல்லை.

"உன் ஆளுகிட்ட சொன்னேனே, வஹான் பஸ் கதம்னு" என்றார் பாட்டீல்.

அங்கே பஸ் முடிகிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். உன் காதில் விழுந்தது ஹிந்தி 'பஸ்'. அதற்கு அர்த்தம் 'போதும்'; அங்கே போதும், தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டாய். எங்கும் போகாத மூடி எதற்கு என்று கழற்றி எறிந்துவிட்டாய். கை பிசகாத மனிதனுக்குக் காது பிசகுமா?

நாசிக்கிலேயே வேறொரு மூடி வாங்கி மாட்டச் சொன்னேன். வண்டி ஓடிவிட்டது. ஆனால் பாட்டீல் விடவில்லை. "அவன்கிட்ட போனைக் குடு, ரெண்டு வார்த்தை கேக்கணும்."

நான்தான் கழற்றினேன் என்றேன். பக்கத்தில் ஒயருக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்த உன் செல்வி, என் தங்கச்சி, போனைப் பிடுங்கிக்கொண்டாள். கழற்றியது என் புருஷன், அவர் இறந்துவிட்டார் என்று ஹிந்தியில் நிதானமாகச் சொன்னாள். நீ போனதிலிருந்து அந்த வார்த்தை அவள் வாயில் வந்ததே இல்லை. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவிய செஞ்ச தப்ப நீங்க ஏன் எடுத்துக்கிடுதிய, எண்ணே? அதுவும் அவியளுக்குச் சொந்தம்லா?"

சரி, எடுத்துக்கொள்ள மாட்டேன். யார் கேட்டாலும் முத்துராசு கழற்றியது என்றே சொல்வேன். பொறுக்கவில்லை என்றால் சண்டைக்கு வா மாப்ளே.

உன் செல்வியின் அண்ணன்,
உன் மச்சான்