மல்லி வேரில் களிமண்

மச்சான்,

கொல்லைப் படியில் ஒரு மண்கட்டி கிடக்கிறது. செங்கல்லாக இறுகிவிட்டது. உன் கபரின் மேல் நான் நட்ட மல்லிச்செடியைப் பிடுங்கியபோது வேரோடு வந்தது. செடி பட்டுப்போயிருந்தது.

நீ போன மறுவாரம் அதை இங்கிருந்துதான் எடுத்துப்போனேன். நீ நட்டுக்கொடுத்த மல்லி அது. சிதம்பரத்துக் களிமண்ணில் எதுவுமே வரவில்லை என்று உன் தங்கை புலம்ப, நீ கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்தாய். முதல் நாள் முழுக்க ஒன்றும் நடாமல் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய். வெயில் எங்கே விழுகிறது என்று பார்க்கிறாயாம். சவுதியில் காய்ந்தது போதாதா என்று கிண்டல் செய்தேன். மறுநாள் தண்ணீர் தேங்கும் கிணற்றடிக்குக் கல்வாழை, கொய்யா நிழலுக்குக் கனகாம்பரம், வெயில் விழும் சுவரோரம் மேடு கட்டி மல்லி. "செடிய அப்புறம் பாத்துக்கலாம் மச்சான், மொதல்ல எடத்தப் பாரு" என்றாய். கல்வாழையும் கனகாம்பரமும் இன்னும் வருஷா வருஷம் பூக்கின்றன.

உன் வாசலோ வெறும் கடல்மணல். அங்கே நித்தியகல்யாணி மட்டும்தான் வைத்திருந்தாய்.

"சுடுகாட்டுப் பூவப் போய் வாசல்ல வச்சிருக்கியே, வேற செடியே கெடைக்கலியா?" என்பேன்.

"உப்புக்காத்து, வெயிலும் ஜாஸ்தி. இதான் தாங்கும். நீ வேணும்னா கண்ண மூடிக்கிட்டு உள்ள வா" என்பாய்.

கபரில் வைத்த செடி பச்சையாக இருக்கும்வரை உள்ளே இருப்பவருக்கு ஆறுதல் என்பது நம் வீட்டுப் பேச்சு. உன் தங்கை கபரஸ்தானுக்கு வருவதில்லை. நான் கடலூர் போய்த் திரும்பினால் வாசலிலேயே நிறுத்தி, "ஏங்க, செடி பச்சையா இருக்கா?" என்று மட்டும் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தே குடம் குடமாக ஊற்றினேன். வேர் கலையக் கூடாது என்று களிமண் உருண்டையோடு அப்படியே மணலில் இறக்கியிருந்தேன். உருண்டை வெயிலில் இறுகிவிட்டது. ஊற்றிய தண்ணீரெல்லாம் சுற்றியிருந்த மணலில் இறங்கிவிட்டது, வேருக்கு ஒரு சொட்டு போகவில்லை.

மல்லியைப் பிடுங்கிய அன்றே உன் வாசலிலிருந்து ஒரு நித்தியகல்யாணியை அதன் மணலோடு அள்ளிக்கொண்டு போய் நட்டேன். இன்று போய்ப் பார்த்தேன். வீடு திரும்பியதும் வழக்கமான கேள்வி.

"பச்சையா இருக்கு. பூவும் வச்சிருக்கு."

"என்ன பூவு?"

சொன்னேன். நீ போனபிறகு அவள் சிரித்தது இன்றைக்குத்தான். "அண்ணன் இருந்திருந்தா உங்கள சும்மா உட்டிருக்காது" என்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு நீ இல்லாதது கஷ்டமாகத்தான் இருக்கிறது. மல்லி இருந்த சுவரோரம் காலியாகக் கிடக்கிறது. அங்கே இன்னும் ஒன்றும் நடவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.