துக்க வீட்டில் வைத்த பொங்கல்

பூலாம்பாடி,
பொங்கல் நாள், மதியம்.

அன்புள்ள தம்பி கலையரசனுக்கு,

அக்கா மணிமொழி எழுதுவது. அரியலூரில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் எழுத எழுத ஒவ்வொரு வரியும் அங்கே உன் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பதால்தான் இதைத் தபாலில் போடவில்லை. பிறவியிலேயே உனக்கு வந்த அந்த வரம் இன்று மட்டும் பொய்க்கக் கூடாது.

ஒரு மடத்தனம் செய்துவிட்டேன். சிலை திருடும் கும்பலை வேவு பார்க்க இங்கே குடிவந்தபோது, என் வீட்டுக்காரர் மலேசியாவில், மாமனார் ஐப்பசியில் தவறிவிட்டார் என்று நாம்தானே கதை கட்டினோம்? காலையில் தெருவெல்லாம் பால் பொங்கியதும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. நானும் வாசலில் பானை வைத்துவிட்டேன். வாடகைக்கு விட்ட வீராயியம்மா பார்த்துவிட்டு, மாமனார் செத்து வருசம் திரும்பல, துக்க வூட்டுல யாராச்சும் பொங்க வைப்பாங்களான்னு கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் தூக்குவாளியில் வடை கொண்டுவந்து கொடுத்தார். பொருளில் ஒட்டிய பேச்சு என் காதில் விழும் என்று ஆபீஸே என்னைக் கேலி செய்யுமே, வாளியைத் தொட்டதும் அவர் புருஷன் சாமிக்கண்ணுவின் குரல் கேட்டது. அவ போலீசுதான், நாளைக்கு தம்பிக்காரன் சீரோட வரட்டும், ரெண்டு பேரையும் சேத்தே முடிச்சிடலாம்னு சொல்கிறான். சிலைகள் நான்கும் சாயங்காலம் கரும்பு லாரியில் எறையூர் வழியாகக் கிளம்புகின்றனவாம். பண்டிகை நாளில் யார் நிறுத்தப்போகிறார்கள் என்ற தைரியம்.

உடனே நம் மேலதிகாரி சிங்காரவேலு சாரிடம் சொல்லி லாரியை மடக்கச் சொல். நாளை பெரம்பலூர் வந்து இந்த ஊர் பஸ் ஏறிவிடாதே. என்னைக் கூட்டிப்போகிறேன் என்று இன்றைக்கும் கிளம்பாதே, உன் அவசரம் எனக்குத் தெரியும். நான் மூன்று மணி பஸ்ஸில் வந்துவிடுவேன். வாசல் கதவுதான் வெளியே தாழ் போட்டிருக்கிறது. பிள்ளைகள் யாராவது விளையாட்டாகப் போட்டிருப்பார்கள்.

பயமாக இருக்கிறது தம்பி. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அம்மா கேட்டால், பானை கிழக்குப் பக்கம்தான் பொங்கி வழிந்தது என்று சொல்லு, சந்தோஷப்படுவார்.

நீ நூறு வயசு இருக்க வேண்டும். கடிதம் பாதியில் நின்றுபோனால், அக்கா காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டாள் என்று மட்டும் நினைத்துக்கொள். வேறு எதையும் நினைக்காதே, வராதே.

உன் அக்கா.