மாசி மாதத்து விமானங்கள்

அலுவலகத்தில் உன் அலமாரியைக் காலி செய்து, விமானங்கள் நிற்கும் இடத்துக்குப் போகும்போது நீ போடும் மஞ்சள் மேல்சட்டையை இன்று என் கையில் கொடுத்தார்கள். துவைத்தும் விமான எரிபொருளின் வாசனை போகவில்லை. மண்ணெண்ணெய் போல, ஆனால் கொஞ்சம் மெலிதாக.

நாம் இருவரும் ஒரே நாளில்தான் திருச்சி விமான நிலைய எரிபொருள் அலுவலகத்தில் சேர்ந்தோம். நான் தஞ்சாவூர், நீ வலங்கைமான். அடுத்த மாதம் விமானங்களுக்கு எவ்வளவு எரிபொருள் வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் வேலை. குறைத்துச் சொன்னால் விமானம் தரையில் நிற்கும். கூட்டிச் சொன்னால் வரும் லாரிகள் இறக்க இடமில்லாமல் வரிசையில் நிற்கும்.

அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்தது. சம்பா அறுப்பு தள்ளிப்போனது. மாசி மாதத்துக்கு நான் போன வருட அளவையே எழுதியிருந்தேன். நீ அதை அடித்துவிட்டுக் கூட்டி எழுதினாய்.

"அறுப்பு முடியாம எவன்டி கல்யாணம் வைப்பான்? தையில இருந்த கல்யாணமெல்லாம் மாசிக்குப் போயிடுச்சு. சிங்கப்பூர், துபாய்ல இருக்கிறவங்க அப்பதானே வருவாங்க?"

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, ஊர் ஊராகக் கல்யாண மண்டபங்களில் விசாரித்துவிட்டு வந்தாய். மேலாளர் சிரித்தார். "மண்டபத்துல கேட்டேன்னு ரிப்போர்ட்ல எழுத முடியுமாம்மா?"

"எழுதியிருக்கேன் சார். தப்பாப் போனா என்னைக் கேளுங்க" என்றாய். உனக்கு வேலை நிரந்தரமாகாத நேரம் அது.

மாசி பிறந்ததும் கூடுதல் விமானங்கள் வரத் தொடங்கின. வந்தவை எல்லாம் பயணிகள் நிரம்பியே வந்தன. ஒன்றுகூட எரிபொருளுக்காகக் காத்திருக்கவில்லை. மேலாளரே உன் மேசைக்கு வந்து, "அடுத்த மாசத்துக்கும் விசாரிச்சிட்டு வாம்மா" என்றார். நீ தலையை மட்டும் ஆட்டினாய். நான்தான் அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன ஆவணியில் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. இந்த வருடக் கணிப்பை நான் தனியாகப் போடுகிறேன். நேற்று சீர்காழி மண்டபத்துக்குப் போன் செய்தேன். நான் கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பெரியவர், "வருஷா வருஷம் ஒரு அம்மா கேப்பாங்களே, விமானத்துக்கு எண்ணெய் கணக்குப் போடுறவங்க, நீங்கதானா?" என்றார்.

"இல்லைங்க. நான் அவங்க சிநேகிதி" என்றேன். இதுவரை எந்தப் பதவியையும் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து நான் சொன்னதில்லை.