டெல்மர் இறக்கிய கூரை

நவம்பர் 9, 1974

டெல்மரின் காரைப் பக்கத்துப் பண்ணை ஹோய்ட்டின் லாரியில் கொண்டுவந்து கொட்டகையில் இறக்கினோம். என் அண்ணன் டெல்மர் இறந்து இரண்டு மாதம். அம்மாவை அடக்கம் செய்த அன்று நான் சொன்ன ஒரு சொல்லுக்காகப் பதினோரு வருடம் என்னோடு பேசாதவன், காரை எனக்கு எழுதி வைத்திருக்கிறான். முப்பத்திரண்டாம் வருடத்து ஃபோர்டு. பந்தயத்துக்காகக் கூரையை ஐந்து அங்குலம் வெட்டி இறக்கி, பழைய போர் விமானத்து அலுமினிய இருக்கையை இரும்புச் சட்டத்தில் பொருத்தித் தரையோடு பற்றவைத்து, எல்லாம் அவன் குள்ள உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது. நான் ஆறடி. கழுத்தை இடப்பக்கம் சாய்த்தால்தான் பாதையே தெரிகிறது.

ஹோய்ட் சிரித்தான். "இருக்கைய அறுத்து ரெண்டு அங்குலம் இறக்கிடலாம்யா வெர்லின். எவனுக்குத் தெரியப்போகுது?"

எனக்குத் தெரியுமே! துரு எடுப்பேன், இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவேன். அவன் செய்ததில் ஒன்றையும் மாற்றமாட்டேன். உயிரோடு இருந்தபோது கேட்காத மன்னிப்பை இனி வேறு எப்படிக் கேட்பது?

நவம்பர் 17

கழுத்து வலி. கார்புரேட்டர் மூன்றையும் கழுவினேன்.

நவம்பர் 26

மூடுபனி இறங்கிவிட்டது. நடுப்பகலில் கொட்டகை வாசலில் நின்றால் வீடு தெரியவில்லை. இன்ஜின் இன்று முதல் முறையாகப் பிடித்தது. உள்ளே உட்கார்ந்து கேட்டேன். ஐந்து நிமிடம் இருக்கும் என்று நினைத்தேன். என் மனைவி நடீன் வந்து கண்ணாடியைத் தட்டியபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. இன்ஜின் அணைந்து, தொட்டால் சில்லென்று இருந்தது. நான் அணைத்த ஞாபகம் இல்லை.

டிசம்பர் 4

மதியம் சோளரொட்டியை மோரில் பிசைந்து சாப்பிட்டேன். நடீன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அதக் கண்டாலே உனக்கு ஆகாதே. டெல்மர்தான் அப்படித் தின்பான்."

கட்டிய புருஷனுக்கு நாக்கு மாறக்கூடாதா? நல்லாயிருந்துச்சு, சாப்பிட்டேன்.

டிசம்பர் 11

கூரை தலையில் இடிக்கவில்லை. கழுத்தைச் சாய்க்காமல் நேராக உட்கார்ந்தேன், முன்கண்ணாடி முழுதும் கண்ணுக்கு நேராக இருந்தது. இருக்கை அமுங்கியிருக்குமோ என்று தடவிப் பார்த்தேன். அலுமினியம் எப்படி அமுங்கும்?

டிசம்பர் 15

நடீன் என் கால்சட்டைகளை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தரையில் இழுபடுகிறதாம். மேல்தட்டிலிருந்து நூல் டப்பாவை எடுக்கச் சொன்னாள். கை எட்டவில்லை. ஸ்டூல் போட்டு ஏறினேன். "விடு டீனி, வயசாகுதில்ல" என்றேன்.

ஊசி நின்றது. "என்ன சொன்ன?"

"வயசாகுதுன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

எனக்கு முன்னால், ஒரு கோடைகாலம் முழுக்க டெல்மரோடுதான் அவள் நடனத்துக்குப் போனாள். டீனி என்பது அவன் மட்டும், அவள் காதோடு கூப்பிட்ட பெயராம். கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் என்னிடம் சொன்னதே இல்லையாம். பிறகு என் வாயில் எப்படி வந்தது? கடவுளே— எனக்குப் பயமாயிருக்கு.

டிசம்பர் 16

"அந்த இருக்கை போகணும். இல்லன்னா நான் போறேன்."

நடீன் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. சரி என்றேன், மனதாரத்தான் சொன்னேன். கார் எனக்கு எதற்கு? அவள்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை ஹோய்ட் வந்து அறுத்துவிடுவான்.

டிசம்பர் 20

ஹோய்ட் இரும்பு அறுக்கும் தீக்குழாயைப் பற்றவைத்தான். என் கை போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தது. நான் பிடிக்க நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை. "விடுய்யா, எலும்பு உடையுது!" என்று கத்தினான். விட்டதும் என் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் நடந்து பனிக்குள் போய்விட்டான். சாமான்களைக்கூட எடுக்கவில்லை.

நடீன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 21

கிளட்ச் நன்றாக இருக்கிறது.

டிசம்பர் 28

பனி விலகிவிட்டது. வண்டி முடிந்தது, அவன் வைத்த ஒரு திருகுகூட மாறவில்லை. காலையில் பேக்கர்ஸ்ஃபீல்டு சாலையில் எண்பது மைல் வேகத்தில் போனேன். காலும் கையும் தானாக எட்டுகின்றன.

திரும்பி வந்தால் வீடு காலி. நடீன் ஃப்ரெஸ்னோவில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். அடுப்புக்குப் பக்கத்தில் சீட்டு வைத்திருந்தாள்.

"டெல்மர், வெர்லின் திரும்பி வந்தா எனக்கு ஃபோன் பண்ணச் சொல்லு. எத்தனை நாளானாலும் காத்திருக்கேன்."

இரண்டு முறை படித்தேன். பாவம், அவன் மேல் உயிரையே வைத்திருக்கிறாள்.

வந்தால் சொல்கிறேன்.